சரிபார்ப்பில் உள்ளது

என் வகுப்புக்கு இரண்டாம் ஆண்டு தொடங்கிய அன்று நான் கொல்லிமலையில் எங்கள் காட்டில் மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மதியம் பாறைமேல் ஏறிப் போனைத் திறந்தபோது வகுப்புக் குழுவில் முப்பது நாற்பது படங்கள் வந்து விழுந்தன. புதிய நேர அட்டவணை, வெள்ளையடித்த ஆய்வகம், கேன்டீன் வாசலில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம். அதில் நான் இல்லாதது யாருக்கும் தெரிந்திருக்காது. வழக்கமாக நான் நிற்கிற இடம் எனக்கு மட்டும் தெரிந்தது. அங்கே வேறொருத்தி நின்றாள்.

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் முதலாண்டு முடித்திருந்தேன். அந்த மாசியில் அம்மா மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறியிருக்கிறாள். ஏணி வழுக்கித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எனக்குப் பரீட்சை என்று பத்து நாள் வரை சொல்லவே இல்லை. அப்புறமும் அம்மா சொல்லவில்லை, பக்கத்துக் காட்டு அக்காதான் சொன்னாள். எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்றால் அந்த ஒரு வீடுதான். நடுவில் ஒரு ஓடையும் வாழைத்தோட்டமும் உண்டு.

விடுமுறைக்கு வந்து பார்த்தபோது அம்மா கம்பு ஊன்றி நடந்தாள். தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துவிட்டு, அதிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு உள்ளே கொண்டுபோனாள். அன்றைக்கே முடிவு செய்தேன். நாமக்கல் பக்கம் ஒரு அரசுக் கல்லூரிக்கு மாறிவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் இறங்கிவிடலாம்.

மாறுவது நான் நினைத்ததுபோல் இல்லை. படிக்கிற கல்லூரி தடையில்லை என்று எழுதித் தர வேண்டும். போகிற கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இடம் காலியாக இருக்க வேண்டும். நான் படித்த பாடமும் அவர்கள் நடத்தும் பாடமும் ஒத்துப்போகிறதா என்று துறையில் பார்க்க வேண்டும். எல்லாக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு வந்தபோது அலுவலகத்தில் இருந்தவர், "முடிவாச்சுன்னா சொல்லுவோம்மா" என்றார். எப்போது முடிவாகும் என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்று மரியாதையாகவே சொன்னார்.

அந்த ஆறு வாரம் என் வாழ்க்கையில் வேறு மாதிரியானது. சென்னைக் கல்லூரியில் என் பெயர் இன்னும் இருந்தது, ஆனால் நான் அங்கே இல்லை. புதுக் கல்லூரியில் என் விண்ணப்பம் மட்டும் இருந்தது. மலையில் எங்கள் ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் என்னோடு படித்த பெண்களில் இரண்டு பேருக்குக் கல்யாணமாகிவிட்டது, மூன்று பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். பாதையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"எப்ப கண்ணு காலேஜுக்குப் போறே?"

"போகணுமுங்க."

இரண்டு வாரத்துக்குப் பிறகு கடைக்குப் போவதற்குத் தோட்டத்தின் பின்பக்கமாக இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போகத் தொடங்கினேன். அட்டைப்பூச்சி ஏறும். ஆனால் ஆள் வரமாட்டார்கள்.

என் அறைத்தோழி ஒருநாள் செய்தி அனுப்பினாள். 'உன் கட்டிலுக்கு வேற ஆள் வந்துட்டாங்க. உன் பக்கெட்டையும் புத்தகத்தையும் என் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்.' அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நன்றி என்று எழுதினேன். அவள் ஒரு இதயம் போட்டாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாதபோது அவள் என்ன கேட்பாள்.

வீட்டில் சிக்னல் கிடையாது. மரவள்ளிக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதன் கிழக்கு மூலையில் நின்றால் இரண்டு கோடு வரும். தினமும் காலையில் அங்கே ஏறி இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, கல்லூரியிலிருந்து மெயில். இன்னொன்று, உதவித்தொகை இணையதளம். மலைவாழ் மாணவர்களுக்கான அந்த உதவித்தொகை இல்லாமல் எந்தக் கல்லூரியிலும் நான் படிக்க முடியாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். என் பெயருக்கு எதிரே 'சரிபார்ப்பில் உள்ளது' என்றே இருந்தது. பக்கம் திறக்க நேரமாகும். அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது மனதில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு எழும். பிறகு அதே வரிதான் வரும்.

ஒரு திங்கட்கிழமை சென்னைக் கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் போன் செய்தார். நல்ல மனிதர். முதலாண்டில் என் படிவத்தை அவரே பூர்த்தி செய்து தந்திருந்தார்.

"ஏம்மா, நீ இங்க இருக்கியா, போறியா?" என்றார்.

"இன்னும் முடிவாகலை சார்."

"எங்க படிச்சாலும் இது முதல்ல முடியணும். உன் வருமானச் சான்று காலாவதி ஆயிடுச்சு, பார்த்தியா? பிளஸ் டூ முடிச்சப்ப எடுத்தது. புதுசு எடுத்துப் போடு. அது இல்லாம நான் அடுத்த இடத்துக்கு அனுப்ப முடியாது. இந்த மாசக் கடைசிக்குள்ள பண்ணிடு."

மறுநாளே தாலுகா ஆபீஸ் இருக்கும் செம்மேட்டுக்குப் போனேன். பழைய சான்றைப் பள்ளிக்கூட முகாமில் வாத்தியார்களே எடுத்துக் கொடுத்திருந்தார்கள், அப்போது யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. இ-சேவை மையத்தில் இருந்த பெண் எங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டை வாங்கிப் பார்த்தாள்.

"குடும்பத் தலைவர் உங்கப்பா பேர்ல இருக்குது. அவரோட உறுதிமொழி வேணும் தங்கச்சி. இந்த முகவரில குடியிருக்கேன், வருமானம் இவ்வளவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வா. போனைக் குடுத்து அனுப்பச் சொல்லு, ஓடிபி வரும்."

"அப்பா ஊர்ல இல்லீங்க."

"வெளியூர்ல வேலையா? வந்தப்புறம் போடலாமே."

நான் கார்டைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அவள் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எத்தன வருசமா இல்ல?"

"எட்டு வருசம்."

"அப்ப உங்கம்மா பேர்ல கைவிடப்பட்டவர் சான்று வாங்கணும். அதுக்கு ஊட்டுக்கே வந்து விசாரிப்பாங்க. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சொல்லணும். அது வந்தா அதை வச்சு அம்மா பேர்லயே வருமானச் சான்று எடுத்துடலாம். ஒண்ணும் பயப்படாத, நெறைய பேரு எடுக்கறாங்க."

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அப்பா சென்ட்ரிங் வேலைக்கென்று கீழே போனார். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகையும் முட்டும் கட்டுகிற வேலை. முதல் பொங்கலுக்கு வந்தார். எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா யாரிடமும் எதையும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "வேலைக்குப் போயிருக்காருங்க" என்பாள். எட்டு வருஷமாக அதே பதில். ஊரிலும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். தீபாவளி வந்தால் மட்டும் யாராவது, "இந்த வருசமாவது லீவு குடுத்தாங்களா?" என்பார்கள். "இல்லீங்க, வேலை சாஸ்தி" என்பாள் அம்மா. நானும் பள்ளியில் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். எப்போது அது பொய் என்று எனக்குத் தெரிந்தது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சான்றைப் பற்றிச் சொன்னேன். அவள் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கைவிடப்பட்டவர் என்ற வார்த்தையை நான் சொன்னபோது கை நின்றது. பிறகு மறுபடி உரித்தாள்.

"அப்படி எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

"எழுதலைன்னா படிக்க முடியாதும்மா."

"வேற வழி கேட்டுட்டு வா."

"அப்பாவோட கையெழுத்துதான் வேற வழி."

அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பிட வா, விறகு எடு, கதவைச் சாத்து என்பது தவிர எங்களுக்குள் பேச்சில்லை. வீட்டில் இரண்டே பேர் இருந்து அவர்களும் பேசாமல் இருந்தால் ஓடைச் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

அப்பா மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற ஒரு பெண் நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் சொல்லியிருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில், கல்லூரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது பையிலிருந்த படிவத்தை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.

சேந்தமங்கலத்தில் சிமென்ட் கடை ஒன்றில் அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர்கள் ஒரு புது வீடு கட்டுகிற இடத்தைக் காட்டினார்கள். மேல்தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் சுத்தியலோடு விளிம்புக்கு வந்தார்.

"யாருங்க வேணும்?" என்றார்.

அது அப்பாதான். தலை நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கடைசியாக அவரைப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. நான் இன்னார் என்று சொல்லத் தயாராக வரவில்லை. அதனால், "மலையிலிருந்து வாரேன்" என்றேன்.

அவர் சுத்தியலைப் பலகைமேல் வைத்தார். மெதுவாக ஏணியில் இறங்கி வந்து முன்னால் நின்றார். அருகில் பார்த்ததும் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்றார்.

யாரோ செத்துப்போனதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அதற்காக மட்டும்தான் நான் வருவேன் என்று நினைத்திருக்கிறார் என்பது அப்போது உறைத்தது.

"அம்மா நல்லா இருக்காங்க. நான் காலேஜு படிக்கறேன். ஸ்காலர்ஷிப்புக்கு உங்க கையெழுத்து வேணும்."

"காலேஜா?" என்று திருப்பிச் சொன்னார். முகம் தெளிந்தது. "வா கண்ணு, டீ குடிக்கலாம்."

எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். எனக்கு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். பன் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். வேதியியல் என்றேன். தலையாட்டினார். எங்கே என்று கேட்டார். சென்னை என்றேன். "அவ்வளவு தூரமா" என்றார். ஊர்ப் பக்கத்துக் கல்லூரிக்கு மாற்றம் கேட்டிருப்பதையும், அம்மா விழுந்ததையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதைச் சொன்னால் நான் எதையோ கேட்க வந்ததுபோல் ஆகிவிடும் என்று பட்டது.

பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். இ-சேவை மையத்தில் தந்த உறுதிமொழிப் படிவம். விவரங்களை நானே எழுதியிருந்தேன். நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவர் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"எங்க போடணும்?"

"படிச்சுப் பார்க்கலையா?"

"உன் படிப்புக்குத்தானே."

பெஞ்சில் காகிதத்தை வைத்துப் பெயரை முழுதாக எழுதினார். எழுத்துகள் பெரியவையாக, தனித்தனியாக இருந்தன. எழுதி முடித்த பிறகுதான் மேலே இருந்ததை வாசித்தார். உதடு அசைந்தது. மூன்றாவது வரியில் நின்றார். மேற்கண்ட முகவரியில் என் மனைவி, மகளுடன் வசித்து வருகிறேன் என்பது அந்த வரி.

"நான் அங்க இருக்கற மாதிரியில்ல எழுதியிருக்குது."

"ஆமாங்க. அப்படித்தான் எழுதணும்."

வெளியே ஒரு லாரி பின்னால் வந்து ஜல்லி கொட்டியது. அவர் திரும்பி அதைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்று காகிதத்தைத் திருப்பித் தந்தார். பிறகு போனை எடுத்து நேரம் பார்த்தார். "நாலு மணிக்கு ஸ்கூல் விட்டுருவாங்க. நான் போய்க் கூட்டிட்டு வரணும். நீ பஸ்ஸுக்குப் போயிருவியா?"

அவருக்கு இன்னொரு குழந்தை இருப்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் மறைக்க நினைக்கவுமில்லை, சொல்ல நினைக்கவுமில்லை. நேரமாகிறதே என்ற கவலைதான் அவருக்கு. ஓடிபி வரும், போன் நம்பர் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். ஆனால் அவராக என் நம்பரைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "நல்லாப் படி சாமி" என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறினேன். காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் அம்மாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். மறைத்துவிட்டு நானே செம்மேட்டுக்குக் கொண்டுபோய் ஓடிபிக்கு ஏதாவது வழி கேட்டிருக்கலாம். அப்படிச் செய்ய முடியவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியும், ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்தைப் பார்த்ததும் விரலால் அதைத் தொட்டாள்.

"எங்க பார்த்தே?"

"சேந்தமங்கலத்துல."

"எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு."

"அந்தப் புள்ள எந்த கிளாஸ் படிக்குது?"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அஞ்சு வருசமாத் தெரியும்."

அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்பதை அவளிடமிருந்தும், அவளுக்குத் தெரியும் என்பதை என்னிடமிருந்தும் மறைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது.

"இதைக் குடுக்க வேண்டாம்" என்றாள் அம்மா.

"ஏம்மா? அவரே போட்டுக் குடுத்துட்டாரே."

"அவரு இங்கதான் இருக்கறாருன்னு நீ எழுதிக் குடுக்கறே. நான் ஏணியிலிருந்து விழுந்து கெடந்தப்ப யாரு தூக்குனதுன்னு கேட்டா என்ன சொல்லுவே? ரெண்டு மணி நேரம் கெடந்தேன். பக்கத்துக் காட்டு மாமன் நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போயி ஜீப்புல ஏத்துனாரு. நீ எழுதியிருக்கறது அவருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு? அந்த இன்னொரு சான்றுக்கே நான் எழுதிக் குடுக்கறேன்."

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். கிழிக்க மனம் வரவில்லை. சான்றிதழ் பைக்குள் வைத்தேன். அன்றே அம்மாவின் ஆதாரோடு செம்மேட்டுக்குப் போய்க் கைவிடப்பட்டவர் சான்றுக்கான விண்ணப்பத்தைப் பதிவு செய்தேன். அம்மா கூட வந்தாள். காலை இழுத்துக்கொண்டு அவள் பஸ் படியில் ஏறியது அதுதான் விழுந்ததற்குப் பிறகு முதல் தடவை.

எட்டு நாள் கழித்து வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். ஸ்கூட்டரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க நடந்து வந்தார். அவரோடு கிராம உதவியாளரும் வந்தார். பக்கத்துக் காட்டு அக்காவும் அவள் வீட்டுக்காரரான மாமாவும் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா ஒரு நல்ல சேலை கட்டியிருந்தாள். ஆய்வாளருக்கு நாற்காலி போட்டு நான் தண்ணீர் கொடுத்தேன்.

"கணவர் உயிரோட இருக்காராம்மா?"

"இருக்காருங்க."

"எப்ப பிரிஞ்சீங்க?"

"பிரியலீங்க. அவரு போயிட்டாரு."

பேனா நின்றது. ஆய்வாளர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"எந்த வருஷம்?"

"இவ ஆறாவது சேர்ந்த வருசம். அடுத்த பொங்கலுக்கு ஒருக்கா வந்தாரு. அப்புறம் இல்லீங்க."

"பணம் ஏதாவது அனுப்புறாரா?"

"இல்லீங்க."

"எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. வேற குடும்பமா இருக்காரு." அம்மாவின் குரல் சமமாகத்தான் இருந்தது. கம்பைப் பிடித்திருந்த கை மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தது.

ஆய்வாளர் பக்கத்து வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க? அவர் இங்க வந்து பார்த்திருக்கீங்களா?"

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "இல்லீங்க. அவங்க சொல்றது நெசந்தானுங்க."

"உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?"

அவர் அம்மாவைப் பார்க்காமல் ஆய்வாளரைப் பார்த்தே சொன்னார். "மொதல்லருந்தே தெரியுமுங்க. ஊருக்கே தெரியும். அவங்க சொல்லல, நாங்க கேட்டுக்கல."

அம்மா தலை குனிந்தாள். அக்கா போய் அவள் தோள்மீது கை வைத்தாள். எட்டு வருஷமும் தீபாவளிக்கு லீவு கிடைத்ததா என்று கேட்டவர்கள் எல்லோரும் தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள். அந்த நிமிஷம் எனக்கு அவமானமாக இருந்தது. அது அவமானம் இல்லை, அவர்கள் எங்களுக்காக அந்தப் பொய்யைக் கூடவே சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள ரொம்ப நாளானது.

ஆய்வாளர் எழுதியதை வாசித்துக் காட்டினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா தன் பெயரை எழுதினாள். எல்லோரும் போன பிறகு அம்மா உள்ளே போய்ப் படுத்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. இருட்டுவதற்கு முன்னால் எழுந்து வந்து, "சோறு வடிச்சியா?" என்று கேட்டாள். வடித்திருந்தேன். அன்று இரண்டு பேரும் நிறையச் சாப்பிட்டோம்.

சான்று வந்துவிட்டது. அதை வைத்து அம்மா பெயரில் வருமானச் சான்றும் வந்தது. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது பாறைமேல் நின்று இரண்டையும் ஏற்றினேன். ஒவ்வொரு கோப்பும் ஏறுவதற்குள் போன் சூடாகிவிட்டது. எழுத்தரிடம் போனில் பேசினேன். "வந்துடுச்சும்மா, இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றார். பிறகு, "காலேஜு மாத்தறது என்னாச்சு?" என்றார். தெரியவில்லை என்றேன்.

அதைத் தெரிந்துகொள்ள நானே நேரில் போனேன். நாமக்கல் கல்லூரி அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்கள். துறைத் தலைவர் பச்சை மையில் ஒரு வரி எழுதியிருந்தார். நான் முதலாண்டில் படித்த இரண்டு தாள்கள் அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை, அதனால் ஏற்க இயலாது. எழுதி நான்கு நாளாகியிருந்தது. அதை நான் பாறைமேல் எந்த நாளில் காத்துக்கொண்டிருந்தபோது எழுதினார்கள் என்று கணக்குப் பார்த்தேன். அம்மாவோடு பேசாமல் இருந்த நாட்களாக இருக்குமோ என்று நினைத்தேன். இல்லை, அந்த நாட்கள் அதற்கும் முன்னால்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து என்னைக் கடந்து போனார்கள். ஒரு பெண் நான் இந்தக் கல்லூரிக்காரி என்று நினைத்து, "அக்கா, மேக்ஸ் டிபார்ட்மெண்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. ஆனால் அதன் அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இனி ஒரே இடத்தில் இருக்கலாம் என்ற நிம்மதி. அம்மாவைத் தனியாக விட்டுப் போவதில் நிம்மதி வருகிறதே என்று என்மீதே வெறுப்பாக இருந்தது. மாற்றம் கிடைக்கவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

"அப்ப அங்கயே போ" என்றாள் அம்மா. "நாளான்னிக்கே கெளம்பு. ஏற்கெனவே லேட்டு."

"நீ தனியா என்ன பண்ணுவே?"

"இத்தன நாளு என்ன பண்ணுனேனோ அதைத்தான்."

கிளம்புகிற அன்று அக்கா வந்து பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை நடந்தாள். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள்.

விடுதியில் என் கட்டில் இல்லை. முதலாண்டு மாணவிகள் ஐந்து பேர் இருந்த அறையில் ஒரு இடம் கொடுத்தார்கள். அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டு, நான் உள்ளே வந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். வகுப்பில் ஆறு வாரப் பாடம் போயிருந்தது. ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஜோடி அமைந்துவிட்டது. நான் ஒற்றைப்படை என்பதால் தனியாகச் செய்தேன். பியூரெட்டில் சொட்டு எண்ணுவதும் நோட்டில் எழுதுவதும் நானே. முதலில் அது தண்டனைபோல் இருந்தது. போகப்போக அந்த இரண்டு மணி நேரம்தான் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிராத நேரமாக ஆனது.

ஒரு வியாழக்கிழமை ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தபோது சும்மா அந்த இணையதளத்தைத் திறந்தேன். 'ஏற்கப்பட்டது' என்று இருந்தது. இரண்டு முறை மூடித் திறந்தேன். அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தேன். அவர்களில் யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் எட்டு வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். போனைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாறைமேல் ஏறி வருவாள். கம்போடு ஏறி வர அரை மணி நேரம் ஆகும் என்று அக்கா சொன்னாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். அந்த வாரம் உதவித்தொகை விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றாள். பிறகு அவளே ஒரு விஷயம் சொன்னாள்.

"ரேசன் கார்டு மாத்திக் குடுத்துட்டாங்க. எம் பேரு மேல வந்திருச்சு. போட்டோவும் எந்துதான். மொகம் கறுப்பா வுழுந்திருக்குது."

"நல்லதும்மா."

"கடைக்காரரு பார்த்துட்டு ஒண்ணுமே கேக்கல. அரிசியப் போட்டுக் குடுத்தாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவள் பக்கம் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. விடுதி வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். சிக்னல் போகும் வரை அப்படியே காதில் வைத்திருந்தேன்.